பெரிய என்ஜின் ஏற்றிய பழைய சின்ன கார்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

என்ஜினை உள்ளே இறக்கி, போல்ட் எல்லாம் முறுக்கி, ஆயிலும் தண்ணீரும் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடத்தில் கொதிக்கிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் வாங்கிய என்ஜினைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் ஹெட்டைக் கழற்றவே இறங்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இன்னொரு காரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என்ஜின், இடம் மாறியதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. பழைய காரும் புது என்ஜினும் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்: எர்த் ஒயர், பெட்ரோல் லைன், தண்ணீர் ஹோஸ், கிளட்ச், ஆக்ஸில், டேஷ்போர்டு மீட்டர். எந்த அறிகுறி தெரிந்தாலும் 'இந்த வேலையில் காரும் என்ஜினும் எங்கே சந்திக்கின்றன?' என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சில மாற்றங்கள் சுலபமாகவும் சில தலைவலியாகவும் இருப்பதற்கும் இதுதான் காரணம். மினி கார் 1959-ல் 848 சிசி என்ஜினோடு வந்தது. அதில் 1275 சிசி என்ஜினை ஏற்றுவது பெரிய வேலையில்லை. இரண்டும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம் என்பதால் தொடும் இடங்கள் அதிகம் மாறுவதில்லை. 1990-களின் ஹோண்டா சிவிக்கில் கே20 என்ஜினை ஏற்றிப் பாருங்கள், கதையே வேறு. பழைய என்ஜின் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் இது சுற்றும். முன்பக்கம் இருந்த எக்ஸாஸ்ட் ஃபயர்வால் (என்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) பக்கம் போய்விடும். ராடால் மாற்றிய கியரைக் கேபிளால் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு இணைப்பும் புதிது, ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரியது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி, அப்புறம் இரண்டு கார்களின் வயரிங் வரைபடமும். இரண்டில் ஒரு வரைபடம் மட்டும் இருந்தால் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போலத்தான். பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள், தீயணைப்பானைப் பக்கத்திலேயே வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள்.

என்ஜின் இன்னும் வெளியே இருக்கிறது என்றால் இப்போதே கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை) செய்துவிடுங்கள். அந்த எண்களை எழுதி வைத்திருந்தால் பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் என்ஜினை நம்பலாமா கூடாதா என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கும்.

செல்ஃப் எடுக்கவில்லை, 'டக்' சத்தம் மட்டும் வருகிறது

முதலில் எர்த்தைப் பாருங்கள். மவுண்ட்டுகள் ரப்பர் என்பதால் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கரன்ட் போக வேறு வழியில்லை. அதற்கென்று ஒரு தடித்த எர்த் ஸ்ட்ராப் இருக்க வேண்டும். என்ஜின் மாற்றும்போது மறந்துபோகும் பொருள்களில் இதற்குத்தான் முதலிடம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் எப்படியாவது திரும்பிப் போக வழி தேடும். எர்த் இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள்கள் சூடாக இருந்தாலோ, உறை உருகியிருந்தாலோ வேறு சாட்சியே வேண்டாம்.

இதை அளந்தும் உறுதி செய்யலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் ஒயரோ, பெயின்ட் மேல் முறுக்கிய போல்ட்டோ தடை போடுகிறது. இதே சோதனையைப் பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே செய்யுங்கள். இடம் போதாமல் பேட்டரியை டிக்கிக்கு மாற்றியவர்களுக்கு இந்தப் பக்கம்தான் அடி வாங்கும். நீளம் கூடக்கூடக் கேபிளின் தடிமனும் கூட வேண்டும்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் பேட்டரியின் இரு போஸ்ட்டுகளுக்கு நடுவே அளங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரி இந்த என்ஜினுக்குப் போதாது, அல்லது பழசாகிவிட்டது.

எல்லாம் சரி, இன்னும் 'டக்' மட்டும்தான் என்றால் சாவியிலிருந்து, செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்சான சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று பாருங்கள். முப்பது வருடம் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் புது சாலினாய்டு கேட்கும் கரன்ட்டைக் கொடுக்கத் திணறும். நடுவில் ஒரு ரிலே போட்டால் தீர்ந்துவிடும்.

மோட்டார் சுற்றுகிறது, ஆனால் பல் கடிக்கும் சத்தத்தோடு வழுக்குகிறது என்றால் பேச்சு வேறு. ஃப்ளைவீல் ஒரு குடும்பம், செல்ஃப் மோட்டார் இன்னொரு குடும்பம் என்று சேர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்குவதைத் தவிர வழியில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள்: சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விடும் அந்தக் கணத்தில் என்ஜின் ஒருமுறை 'பொக்' என்று பிடிக்கப் பார்க்கிறதா? அப்படியென்றால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குப் போகும் கரன்ட்டைத் தப்பான முனையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பழைய காரின் சாவியில் ரேடியோ, வைப்பர் போன்றவற்றுக்குப் போகும் முனைகள் செல்ஃப் அடிக்கும்போது கரன்ட்டை நிறுத்திவிடும். இசியூ அந்த முனையில் இருந்தால், என்ஜின் சுற்றும் நேரம் முழுவதும் அது செத்துக்கிடக்கும். சாவி 'ஆன்', 'ஸ்டார்ட்' இரண்டு நிலைகளிலும் 12 வோல்ட் தரும் முனையை மல்டிமீட்டரால் தேடி, அங்கிருந்து ஒரு ரிலேயை இயக்கி, இசியூவுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள்.

பிளாட்டினம் பாயின்ட் காலத்துக் காரில், அதாவது எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முந்தைய காரில், இன்னொரு பொறி உண்டு. சாவிக்கும் காயிலுக்கும் நடுவே கம்பெனியே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் போட்டிருக்கும். ஒன்றும் இணைக்காமல் அளந்தால் 12 வோல்ட் காட்டும், லோடு வந்ததும் ஏழெட்டு வோல்ட்டாக விழுந்துவிடும். புது என்ஜினுக்கு அந்த ஒயரைப் பயன்படுத்தவே கூடாது. அதனால்தான் வோல்ட்டை எப்போதும் லோடு இருக்கும்போது அளக்க வேண்டும்.

கரன்ட் சரியென்றால் அடுத்த சந்தேகம் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு. சாவிக்குள் இருக்கும் சிப், சாவித் துளையைச் சுற்றிய ஆன்டெனா வளையம், இசியூ, சில கார்களில் மீட்டர் போர்டும்கூட, எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்த ஒரே கூட்டம். இசியூவை மட்டும் கொண்டுவந்தால் அது மற்றவர்களைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் சில என்ஜின்கள் பிடிக்கவே பிடிக்காது, சில ஓரிரு நொடி ஓடிவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரம் ஓடி நின்றால் பெட்ரோலைத் தேடாதீர்கள், இதைத் தேடுங்கள். என்ஜின் வாங்கும்போதே சாவி, வளையம், இசியூ, வயரிங் நான்கையும் சேர்த்துக் கேட்டு வாங்குவதுதான் மலிவான வழி.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டர் காரின் பம்ப் கொடுப்பது 0.2 முதல் 0.4 பார் வரை. மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின் சாதாரணமாகக் கேட்பது 2.5 முதல் 3 பார், சிலவற்றுக்கு அதற்கும் மேல். பழைய பம்பை வைத்துக்கொண்டு இது ஓடாது. சாவி போட்டதும் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ். கேட்கிறது, ஆனால் கேஜில் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஃபில்டர், இன்லெட்–அவுட்லெட் மாறிப் பொருத்தியது, அல்லது பம்பின் இடம். வெளியே பொருத்தும் ஹை பிரஷர் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பல். டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்கு நிகராகவோ கீழாகவோ இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். என்ஜின் பக்கம் மேலே மாட்டியிருந்தால் கத்திக்கொண்டே இருக்கும், சீக்கிரம் சாகும்.

ஹோஸ் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கார்புரேட்டருக்கு இருந்த பழைய ரப்பர் ஹோஸ் 3 பாரைத் தாங்கச் செய்ததில்லை. இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸும் அதற்கான கிளிப்பும் போடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோல், ஸ்பார்க் இரண்டும் இல்லையென்றால், என்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் மீட்டரோ ஸ்கேனரோ பூஜ்யத்தையே காட்டினால் சந்தேகம் உறுதியாகும். ஃப்ளைவீல் மாற்றியிருந்தால், சென்சார் படிக்கும் பல்வரிசை அந்த இசியூவுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நிற்பதில்லை

ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக இருந்தால் எங்கோ காற்று திருட்டுத்தனமாகப் போகிறது, அல்லது பழைய ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுத்துக் கட்டியிருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டாவது தெரிந்துவிடும். காற்றுக்கு, பிரேக் பூஸ்டர் ஹோஸில் தொடங்குங்கள். பழைய காரின் பூஸ்டர் வாயும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் புது மேனிஃபோல்டின் வாயும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம்.

காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள என்ஜின் என்றால் சென்சாருக்கும், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு சின்ன விரிசலும் ஆகாது. முன்னால் போகும்போது ஒழுங்காக இருந்து, ரிவர்ஸில் மட்டும் திணறுகிறதா? ரிவர்ஸில் என்ஜின் எதிர்ப்பக்கம் சாயும், அப்போது ஹோஸின் விரிசல் வாய் திறக்கும். இதைக் கையால் வளைத்துப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும்.

சிக்னலில் நிற்க வரும்போது மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் ஸ்பீடு சென்சாரை நினையுங்கள். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை வைத்துத்தான் பல இசியூக்கள் ஐடிலைப் பிடிக்கின்றன. பழைய காரில் கேபிள் ஸ்பீடோமீட்டர் இருந்ததால் அந்த ஒயரை யாரும் இணைத்திருக்க மாட்டார்கள்.

பிளக் கறுத்து, பெட்ரோல் செலவும் ஏறினால் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். இசியூ 'பெட்ரோல் குறைவு' என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றும். இசியூ நல்லது, சென்சாரும் நல்லது, ஒரு கேஸ்கெட்தான் பொய் சொல்கிறது.

வளைவில் திணறல், டேங்க் பாதியானால் இன்னும் மோசம்

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி உண்டு. டேங்கில் பெட்ரோல் ஓரம் ஒதுங்கி, பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலும் அந்தத் தொட்டி சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய டேங்கில் தடுப்பும் இருக்காது. எனவே நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கியதும் அழுத்தம் விழும்.

தீர்வு, நடுவில் ஒரு சின்ன சர்ஜ் டேங்க். பழைய குறைந்த அழுத்த பம்ப் அதை எப்போதும் நிரப்பி வைக்கும், ஹை பிரஷர் பம்ப் அதிலிருந்து எடுக்கும், என்ஜினிலிருந்து திரும்பும் பெட்ரோலும் அதற்கே வரும், மிஞ்சுவது டேங்குக்குப் போகும். டேங்குக்குத் திரும்பும் குழாய் மெல்லியதாகவோ அடைத்தோ இருந்தால் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, என்ஜின் பெட்ரோலில் மூழ்கும். கேஜ் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

கொதிக்கிறது

என்ஜின் மாற்றியவர்களை மிக அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். பெரிய ரேடியேட்டர் வாங்க ஓடும் முன், உண்மையில் கொதிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பழைய டேஷ்போர்டு கேஜும் புது என்ஜினின் சென்சாரும் ஒன்றுக்கொன்று பழக்கமில்லாதவை. 90 டிகிரியில் முள் சிவப்பைத் தொடலாம், 115-ல் நடுவில் சாவகாசமாக நிற்கலாம். தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள், அல்லது ஸ்கேனரில் இசியூ சொல்லும் எண்ணைப் படியுங்கள். இசியூவுக்குத் தனி சென்சார், கேஜுக்குப் பழைய காரின் தனி சென்சார் என்று இரண்டும் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

நிஜமாகவே கொதிக்கிறது என்றால், எப்போது என்று கேளுங்கள்.

நிற்கும்போது மட்டும் கொதித்து, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது? இடம் போதாமல் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்பக்கம் மாற்றியவர்கள் பலர். அங்கே அது என்ஜின் பக்கம் தள்ள வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் காட்டினால் காற்றின் திசை தெரிந்துவிடும். ஃபேனைச் சுற்றிய கூடு இல்லையென்றால், பிளேடுக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்று இழுபடும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும்.

வேகத்தில் கொதித்து, நின்றால் அடங்குகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் காற்று தானாகவே வரும். ரேடியேட்டருக்கும் கிரில்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று சுலப வழியில் பக்கவாட்டில் போய்விடும். தகடோ ஃபோமோ வைத்து அடையுங்கள். கீழ் ஹோஸைக் கவனிக்க ஒருவரை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொண்டால் பம்ப் உறிஞ்சும் பக்கம் அடைகிறது. ஸ்பிரிங் உள்ள ஹோஸோ கெட்டியான ஹோஸோ வேண்டும். இவை சரியென்றால்தான் ரேடியேட்டரின் அளவு போதவில்லை என்று முடிவுக்கு வரலாம்.

எப்போது கொதிக்கும் என்றே சொல்ல முடியவில்லை, முள் ஏறுகிறது, திடீரென்று விழுகிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உள்ளே ஏர் லாக். சின்ன காரின் பானட் தாழ்வு. பெரிய என்ஜினின் ஹெட் ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக நின்றுவிடும். காற்று எப்போதும் உயரத்தைத் தேடும், அதனால் ஹெட்டிலேயே தங்கும். சுற்றோட்டத்தின் மிக உயர்ந்த புள்ளியில் மூடியுள்ள ஒரு தொட்டி வைத்து, அங்கிருந்து ஊற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. தற்காலிகமாகக் காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து, என்ஜினின் ஏர் பிளீட் ஸ்க்ரூ வழியே குமிழி நிற்கும்வரை விட்டு நிரப்புங்கள். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது: 1 பார் மூடிக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும், திறந்த கணத்தில் மொத்தமும் ஆவியாகச் சீறும்.

ஹீட்டர் வேண்டாம் என்று அதன் இரு குழாய்களையும் அடைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் அமைந்த என்ஜின்களில், ஹீட்டர் அல்லது பைபாஸ் வழியாகச் சுற்றிவரும் சூடான தண்ணீர்தான் தெர்மோஸ்டாட்டை எழுப்புகிறது. அதை அடைத்தால் என்ஜின் கொதிக்கும், தெர்மோஸ்டாட் தூங்கும். அடைக்காமல் இரு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? இங்கே மட்டும் என்ஜினையே சந்தேகிக்கலாம். ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது

கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலை மிதித்து மூன்று நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்ட பிறகும் கடித்தால் சந்தேகம் வேண்டாம். கேபிள் கிளட்சை ஹைட்ராலிக் ஆக்கியவர்கள் சிலிண்டர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீட்டர், கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், மாஸ்டர் நகர்வது 30 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பரப்பளவு விகிதம் 0.64, எனவே ஸ்லேவ் நகர்வது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே மாஸ்டருக்கு 22 மில்லிமீட்டர் ஸ்லேவ் போட்டால் 16 மில்லிமீட்டர்கூட வராது. பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், கிளட்ச் விடாது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் மாறாது, கணக்கே தப்பு.

கணக்கு சரியாக வந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். பார்க்க வேண்டியவை மூன்று. கிளட்ச் பிளேட் திரும்பிப் பொருத்தியிருக்கிறதா? என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின்கள் இருக்கின்றனவா? கிராங்க் முனையில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் வேண்டிய கியர்பாக்ஸ் என்றால் அது போட்டிருக்கிறதா? டவல் பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. இன்று கியர் கடிக்கும், நாளை கியர்பாக்ஸின் முன் பேரிங் போகும்.

மாறாக, நான்காவது கியரில் முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் சின்ன காரின் கிளட்ச் இந்த டார்க்கைத் தாங்கவில்லை. பெரிய என்ஜினின் கிளட்சைத்தான் போட வேண்டும்.

நடுக்கம், தட்டல், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது

ஐடிலில் கார் முழுதும் நடுங்கினால் முதலில் எக்ஸாஸ்ட் எங்காவது பாடியைத் தொடுகிறதா பாருங்கள். பிறகு மவுண்ட் போல்ட்டுகளை எல்லாம் கொஞ்சம் தளர்த்தி, என்ஜினை ஆட்டிவிட்டு, தானாக உட்கார்ந்த இடத்தில் மறுபடி முறுக்குங்கள். இழுத்துப் பிடித்து முறுக்கிய ரப்பர் நடுக்கத்தை உறிஞ்சாது. கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் போட்டிருந்தால் கொஞ்சம் நடுக்கம் இருக்கவே செய்யும். தினசரி ஓட்டும் காருக்கு ரப்பரே நல்லது என்பது என் எண்ணம். பானட் இடிக்கிறதா என்று அறிய, என்ஜினின் உயரமான இடத்தில் களிமண் உருண்டை வைத்து பானட்டை மூடித் திறங்கள். நசுங்கிய தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி.

முன்சக்கர இழுவைக் காரில் பள்ளத்தில் இறங்கும்போது 'டங்' என்ற அடி விழுந்தால், ஆக்ஸிலின் உள் ஜாயின்ட்டில் இடம் முடிந்துவிட்டது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் வண்டி தரையில் நிற்கும்போதும், இரண்டு நிலைகளிலும் ஜாயின்ட் உள்ளேயும் வெளியேயும் நகர மீதி இடம் இருக்க வேண்டும். மிதித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதற்கு வலது, இடது ஆக்ஸில்களின் நீளமும் கோணமும் வேறுபடுவதுதான் வழக்கமான காரணம். நடுத் தண்டு வைத்து இரண்டையும் சம நீளமாக்கினால் அடங்கும்.

பின்சக்கர இழுவைக் காரில், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனை கோணங்களை அளங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக, எதிரெதிராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்கு அடியில் ஒரு தகடு வைப்பதிலேயே பல நேரம் தீர்ந்துவிடும்.

ஆயில் லைட் மினுக்குகிறது

உடனே ஆஃப் செய்யுங்கள். மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை நேராக பிளாக்கில் மாட்டி அளங்கள். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் ஏறக்குறைய 0.7 பார் என்பது பழைய, நம்பகமான கணக்கு. கேஜ் நன்றாகக் காட்டினால் சுவிட்ச்தான் பொருந்தவில்லை. வளைவிலோ பிரேக்கிலோ மட்டும் விழுந்தால் காரணம் ஆயில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி. காரின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பருக்கு இடம் விட சம்பை வெட்டி ஒட்டியிருந்தால், உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சம்பின் வடிவமோ என்ஜினின் சாய்வோ மாறினால் டிப்ஸ்டிக்கின் கோடும் செல்லாது. சரியான அளவு ஆயிலை ஊற்றி, புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி இறங்குகிறது, மீட்டர் உளறுகிறது, சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்கவில்லை

டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட் வெறும் எச்சரிக்கை விளக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பல ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்பு வழியே வரும் சிறு கரன்ட்டால்தான் விழித்துக்கொள்கின்றன. பல்பு இல்லையென்றாலோ, எல்இடி போட்டிருந்தாலோ சார்ஜ் ஏறாது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை என்றால் அங்கே தொடங்குங்கள்.

அதே ஒயர்தான் சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடுவதற்கும் காரணம். ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் கரன்ட் பல்பு வழியாகப் பின்னால் வந்து இசியூ ரிலேயைப் பிடித்து வைக்கும். அந்த ஒயரில் ஒரு டயோடு போட்டால் நின்றுவிடும்.

பழைய கார் 35, 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்காகச் செய்த ஒயரோடு இருக்கும். புதியது அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கலாம். தடித்த தனி கேபிளும் ஃபியூஸும் போடுங்கள்.

ஆர்பிஎம் மீட்டர் கணக்கு எளிது. நான்கு சிலிண்டர் மீட்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பை எதிர்பார்க்கும், ஆறு சிலிண்டர் மூன்று கொடுக்கும். அதனால் 2000-ல் ஓடும்போது 3000 காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால், அது காயிலின் உயர்ந்த வோல்ட் துடிப்புக்குப் பழகியது, இசியூவின் மெல்லிய சிக்னல் அதற்கு உறைக்கவில்லை. நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும்.

நன்றாக ஓடுகிறது, ஆனால் எதிர்பார்த்த இழுவை இல்லை

ஒருவரைப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய பெடல் இழுக்கும் நீளம் புது த்ராட்டிலுக்குப் போதாமல், முக்கால் திறப்போடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அடுத்தது எக்ஸாஸ்ட்: 1000 சிசிக்கான மெல்லிய குழாயில் 2000 சிசி மூச்சு விட முடியாது. ஏர் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் சூடான காற்றை இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, கியர் விகிதம். டயரின் சுற்றளவு 1.75 மீட்டர், டாப் கியர் 0.86, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கு அடுத்து வரும் கடைசிக் கியர் விகிதம்) 4.3 என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் ஏறக்குறைய 3500 ஆர்பிஎம்மில் கத்தும். சின்ன என்ஜினுக்கு அது தேவைப்பட்டது. பெரிய என்ஜினுக்கு ஃபைனல் டிரைவை 3.7 ஆக்கினால் அதே வேகம் 3000-க்குப் பக்கத்தில் வரும், காதுக்கும் பெட்ரோலுக்கும் நிம்மதி.

பிரேக் பெடல் இறுக்கம், அல்லது நிற்க நேரமாகிறது

என்ஜினை ஆஃப் செய்து பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் வெற்றிட ஹோஸும் அதிலுள்ள ஒருவழி வால்வும்தான் காரணம். வால்வைத் திருப்பிப் பொருத்தியிருக்கலாம்.

பெடல் நன்றாக இருந்தும் நிற்க நேரமாகிறது என்றால் அது கோளாறே இல்லை, பிரேக் சின்னது. 80-க்குப் பதில் 120-ல் வந்து நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. முன்பக்க எடையும் கூடியிருக்கிறது. அதே கார் வரிசையின் பெரிய மாடலிலிருந்து டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். முன் ஸ்பிரிங் அமுங்கியிருந்தால் அதையும் மாற்றி, அதன்பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இந்த வேலை முடியும்வரை காரைப் பழைய என்ஜினின் வேகத்திலேயே ஓட்டுங்கள்.